சம்பந்திக்காக எடுத்த துப்பாக்கி லைசென்ஸ்

1

துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும் என்று மின்னஞ்சல் வந்து மூன்று நாள் ஆகிறது. எனக்குத்தான் வந்திருக்கிறது. மெல்போர்னின் மல்கிரேவில், ஒரு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து மென்பொருளில் பிழை தேடிப் பிழைக்கிற எனக்கு. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, "சுமதி, வலது பக்கம், ஃப்ரிட்ஜுக்குக் கீழே" என்று மனைவிக்கு வழிகாட்டுகிற எனக்கு.

ஆஸ்திரேலியா வந்து இருபது வருஷமாகப் போகிறது. இங்கே வந்து என்ன ஆனாய் என்று ஊரில் யாராவது கேட்டால் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்ட என்னிடம் இரண்டு அட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் நான் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றும், இன்னொன்றில் மான் சுடலாம் என்றும் இந்த மாநில அரசு எழுதிக் கொடுத்திருக்கிறது. இரண்டிலும் என் புகைப்படம் உண்டு. இரண்டிலும் பல் வலிக்காரன் மாதிரி இருக்கிறேன்.

இந்த அட்டைகள் எதற்காக என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்கத்தான் எழுதுகிறேன்.

2

எல்லாம் பெரியப்பாவின் புகைப்படத்தில் ஆரம்பித்தது.

எங்கள் ஹாலில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறேன். பெரியப்பா ஒரு பாறைமேல் கால் வைத்து, கையில் துப்பாக்கியோடு நிற்கிறார். பின்னால் அருவி கொட்டுகிறது. பாறை காகிதக்கூழ், அருவி படுதா. தென்காசியில் ஒரு ஸ்டூடியோவில், கௌபாய் படங்கள் சக்கைப்போடு போட்ட காலத்தில் எடுத்தது. துப்பாக்கி மரத்தில் செய்தது. குதிரைமேல் வரும் கதாநாயகர்கள் வைத்திருப்பார்களே, விசைக்குக் கீழே வளையம் வைத்து, அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த குண்டு ஏறும், அந்த மாதிரி. நிஜ வாழ்க்கையில் பெரியப்பா மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். நாய்க்குப் பயந்து இரண்டு தெருவுக்கு உத்தேசமாகவே ரீடிங் போட்டவர்.

எங்கள் மகள் நிவேதா கால்நடை மருத்துவம் படித்து முடித்தாள். கூடப் படித்த ஜோஷைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். எங்கள் சம்மதத்தைக் கேட்டாள் என்று ஊரில் சொல்லியிருக்கிறோம். உண்மையில் தகவல் தெரிவித்தாள். பையன் நல்ல பையன். அவன் அப்பா கிரஹாம், மேன்ஸ்ஃபீல்டுக்கு அப்பால் மலையடிவாரத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். அவரும் அவர் மனைவி ஷெரிலும் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

ஒரு சம்பந்தி இன்னொரு சம்பந்தியைச் சந்திப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். காப்பி வரும்வரை வானிலை. காப்பிக்குப் பிறகு நம் குடும்பம் லேசுப்பட்டதல்ல என்று எப்படியாவது காட்டிவிட வேண்டும். கிரஹாம் ஆறடி இரண்டங்குலம். கையைக் குலுக்கினால் என் கை மணிக்கட்டுவரை காணாமல் போகிறது. காப்பி வந்தது. நான் சொல்லிக்கொள்ள எதுவும் தோன்றாமல் முழித்துக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார்.

"லீவர்-ஆக்‌ஷன் ரைஃபிள்!" என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். இருபது வருஷமாக நான் எல்லாரையும் மனசுக்குள் தமிழில் கேட்டே பழகிவிட்டதால் அப்படியே தருகிறேன். "எங்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. எங்க அப்பாவோடது. இவர் யாரு?"

"எங்க பெரியப்பா."

"வேட்டைக்காரரா?"

இந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அதற்குப் பதில் என் வாய், "ஆமாம்" என்றது. "எங்க குடும்பமே மலைப் பக்கம்தான்."

"என்ன வேட்டை?"

குற்றாலத்துக்கு மேலே காட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்ட ஒரே பெரிய பிராணியைச் சொன்னேன். மிளா. ஆங்கிலத்தில் சாம்பர் மான்.

கிரஹாமின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நம்ம ஊர் மிளாவை வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று. அது விசா கிசா எதுவும் இல்லாமல் விக்டோரியா மலைக்காடு முழுக்கக் குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கிரஹாம் வாழ்நாள் முழுக்க வேட்டையாடி வருவது அதைத்தான்.

"நீங்களும் போயிருக்கீங்களா?"

"சின்ன வயசுல. கூட," என்றேன்.

சுமதி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையில் இருபத்தாறு வருஷத் தாம்பத்யம் இருந்தது.

"அப்ப ஒரு லைசென்ஸ் எடுத்துடுங்க," என்றார் கிரஹாம். "நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒருநாள் போவோம்."

3

துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கப் பாதுகாப்பு வகுப்பு, தேர்வு, விண்ணப்பம் என்று மாதக்கணக்கில் ஆனது. ஒருவிதத்தில் நிம்மதி. நிரந்தர வசிப்புரிமைக்கு அலைந்த காலத்துக்குப் பிறகு, ஒரு அரசாங்கக் காகிதம் தாமதமாக வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது இதற்குத்தான்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: துப்பாக்கி வேண்டியதற்கான உண்மையான காரணம் என்ன? கீழே பட்டியல். வேட்டை, குறிபார்த்துச் சுடும் விளையாட்டு, விவசாயம், இன்னும் சில. சம்பந்தி என்று ஒரு கட்டம் இல்லை. வேட்டையில் டிக் அடித்தேன். பொய் அதுவரை வாயளவில்தான் இருந்தது. அன்றைக்கு அரசு ஆவணத்தில் ஏறியது.

தேர்வில் முழு மதிப்பெண். ஆச்சரியமில்லை. எழுத்துத் தேர்வு என்றால் நம் ஆட்கள் நீர்மூழ்கிக் கப்பலே ஓட்டிவிடுவோம்.

எதிர்வீட்டு சிவம் அண்ணர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்.

"நாங்கள் துவக்குக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். நீர் வரிசையில நிண்டு சோதினை எழுதித் துவக்கு எடுக்கிறீர், என்ன?"

"மகள் கல்யாணத்துக்காக அண்ணே."

"ஓம், ஓம். சீதனமாய்க் கேட்டவையோ?"

சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குழாயை மறுபடி எடுத்துக்கொண்டு, "கவனம், தம்பி. அது விளையாட்டுச் சாமான் இல்லை," என்றார். கேலி இல்லாமல் என்னிடம் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இரண்டாவது ஆள் நிவேதா. அவளோடு பேசுவது எப்படி என்றால் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். ஒரு சனிக்கிழமை தமிழ் வந்தது.

"அப்பா, அவர் உங்களை நம்பறார். நீங்க பழகினவர்னு நெனச்சு கையில லோடு பண்ண துப்பாக்கியைக் குடுக்கப் போறார். யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"முழு மார்க் வாங்கியிருக்கேன்மா."

"சீரியஸ்லி, அப்பா? நீங்களே சொல்லிடுங்க. பெரிய தாத்தா மீட்டர் ரீடர்னு. நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். நீங்க சொன்னா அது ஜோக். நான் சொன்னா, என் அப்பா பொய் சொல்றவர்னு ஆயிடும்," என்றாள்.

சரி, நேரில் போனதும் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

4

சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? பழமும் இனிப்பும் சுமதி எடுத்து வைத்தாள். ஆனால் வேட்டைக்காரருக்கு வேட்டைக் குடும்பம் கொண்டுபோக வேண்டியது லட்டா? நான் தோட்டா வாங்கிக்கொண்டு போவதென்று முடிவு செய்தேன்.

ஒரு ரைஸ் குக்கர் வாங்கவே நாற்பது விமர்சனம் படிக்கிறவன் நான். தோட்டாவுக்கு மூன்று வாரம் படித்தேன். எக்செல் போட்டேன். குண்டின் எடை, வேகம், இருநூறு மீட்டரில் எவ்வளவு தாழும், தோலைத் துளைத்து எவ்வளவு ஆழம் போகும் என்று தனித்தனிப் பத்திகள். மிளா குதிரை உசரம் இருக்கும், தடித்த தோல், லேசான குண்டு பட்டால் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும் என்று படித்தபோது மட்டும் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்தேன். பிறகு திறந்துவிட்டேன்.

கிரஹாமின் துப்பாக்கி தேர்ட்டி-தேர்ட்டி வகை என்று ஜோஷிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அதன் குண்டுக்குக் குறுக்களவு பாயிண்ட் மூன்று பூஜ்யம் எட்டு அங்குலம் என்று ஒரு பட்டியலில் இருந்தது. கடையில் பார்த்தால் த்ரீ-ஓ-எய்ட் என்றே பெயர் போட்டுப் பெட்டி பெட்டியாகத் தோட்டா அடுக்கியிருக்கிறது. என் எக்செல்லில் எல்லாப் பத்தியிலும் அதுதான் முதலிடம். நல்ல கூரான மூக்கு. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்.

"எந்த ரைஃபிளுக்கு?" என்று கடைக்காரர் கேட்டார்.

"சம்பந்தியோடதுக்கு," என்றேன். ஆங்கிலத்தில் அதற்கு வார்த்தை இல்லாததால், "என் மகளின் வருங்காலக் கணவரின் தந்தை" என்று நீட்டி முழக்கினேன். அவர் களைத்துப்போய் லைசென்ஸைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்தார்.

வீட்டில் அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். சட்டம். பூட்டு உள்ள இரும்புப் பெட்டி எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று, சுமதியின் நகைப்பெட்டி.

"தாலிக்கொடி பக்கத்துல தோட்டாவா?" என்றாள் சுமதி. "ஏங்க, உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

புதிதாக ஒரு பெட்டி வாங்கினேன்.

5

மலையடிவாரத்தில் குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஷெரில் கணப்படுப்பைப் பெரிதாக்கினாள். சுமதி பழத்தட்டைக் கொடுத்தாள். நான் என் தோட்டாப் பெட்டியை நீட்டினேன், உள்ளே தாம்பூலம் இருப்பதுபோல இரண்டு கையாலும்.

கிரஹாம் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"அருமையான சரக்கு," என்றார். "என் இன்னொரு ரைஃபிளுக்கு இது பிரமாதமா பொருந்தும்."

பிறகு அலமாரியைத் திறந்து அப்பாவின் பழைய துப்பாக்கியையும் அதன் தோட்டா ஒன்றையும் எடுத்து வந்தார். யாருக்கோ சொல்வதுபோல நெருப்பைப் பார்த்துப் பேசினார். குண்டின் குறுக்களவு இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் அதைத் தாங்குகிற பித்தளை உடம்பு வேறு. சட்டைக் காலர் அளவு ஒன்றாக இருந்தால் அவர் சட்டை எனக்குப் பொருந்திவிடுமா? அப்புறம் மூக்கு. இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் பெட்டி மாதிரி நிற்கும். ஒன்றின் மூக்கு முன்னால் நிற்பதன் பின்புறத்தில் முட்டிக்கொண்டிருக்கும். தோட்டாவை வெடிக்கவைக்கும் மருந்துப் பொட்டு அந்தப் பின்புறத்தில்தான் இருக்கிறது. கூர் மூக்கு என்றால் சுடும்போது வரும் உதறலில் அது பொட்டில் குத்தி, கைக்குள்ளேயே வெடித்துவிடலாம்.

"அதனாலதான் இதுக்குத் தட்டை மூக்கு. கனமான குண்டு. வேகம் பெரிசில்லை. கிட்டப் போகணும், தோள்பட்டைக்குப் பின்னால வைக்கணும். ஒண்ணு போதும்." நிமிர்ந்தார். "உங்க பெரியப்பாவுக்குத் தெரியாததா?"

"ஆமா ஆமா," என்றேன். "தட்டை மூக்குதான் விரும்புவார்."

சாப்பாட்டு மேஜையின் மறுபக்கத்தில், எங்களோடு வந்திருந்த நிவேதா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை நிமிர்த்தவேயில்லை. ஸ்கூலில் பெற்றோர் கூட்டத்துக்கு நான் வேட்டியோடு போன அன்றுகூட அவள் இப்படி இருந்ததில்லை. அன்று வெட்கப்பட்டாள். இன்று காத்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். "ரொட்டி ரொம்ப நல்லாயிருக்கு," என்றேன்.

6

காலையில் சாலை போடுகிறவர்கள் மாதிரி ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிக்கொண்டு இருவரும் காட்டுக்குள் நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும், இந்த மரத்தைத் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் காட்டில் மரங்கள் ஏராளம்.

ஒரு ஓடைக்கு மேலே, பெரணிப் புதருக்குள் உட்கார்ந்தோம். கிரஹாம் குழாயில் ஐந்து தோட்டாவைத் தள்ளி, துப்பாக்கியை என்னிடம் தந்தார். சுடும் அறையில் எதுவும் ஏற்றவில்லை, நான் சொல்லும்போது லீவரை ஒருமுறை இழுங்கள் போதும் என்றார். என் பக்கத்திலேயே, தோள் உரச உட்கார்ந்துகொண்டார். குழல் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கை அதற்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்ததை அப்போது கவனித்தேன். அர்த்தம் அப்போது புரியவில்லை.

ஒரு மணி நேரம். கால் மரத்துப்போனது. சரி, இப்போது சொல்லிவிடுவோம் என்று நான் திரும்பியபோது அவர் என் முழங்கையைத் தொட்டார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் அது நின்றது. படுதாவில் வரைந்ததுபோல அசையாமல். கழுத்தில் ஈரமான பிடரி, தலையில் வேரோடு பிடுங்கிய மரம் மாதிரி கொம்பு. நம்ம ஊர் மிளா. என்னைவிட ஆஸ்திரேலியாவில் சீனியர். காதைத் திருப்பி என் பக்கமாகப் பார்த்தது. இவனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசிப்பதுபோல இருந்தது.

"இப்ப," என்றார் கிரஹாம், மூச்சுக்குள்.

அதற்குப் பிறகு நடந்ததாக எனக்குத் தெரிவது இதுதான். லீவரை இழுத்தேன். சுட்டேன். மறுபடி இழுத்தேன், சுட்டேன். இழுத்தேன், சுட்டேன். காட்டையே அதிரவைத்தேன். மான் ஹார்ன் அடித்த மாதிரி ஒரு குரல் கொடுத்துவிட்டு, மேட்டில் ஏறி மறைந்தது.

"பட்டுதா?" என்று கேட்டேன்.

கிரஹாம் முதலில் என் கையிலிருந்து துப்பாக்கியை மெதுவாக வாங்கி, திறந்து பார்த்துக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, பெரணி இலைகளுக்கு நடுவே கைவிட்டு ஒன்றொன்றாகப் பொறுக்கினார். சட்டையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து தோட்டா. ஐந்தும் முழுசாக, மூக்கும் முழியுமாக.

"பின்பக்கம் பாருங்க," என்றார். "ஊசி குத்தின தடமே இல்லை."

லீவர் துப்பாக்கியில் முதல் இழுப்பு தோட்டாவை ஏற்றும். சுடாமல் மறுபடி இழுத்தால் ஏற்றியதை வெளியே எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றும். நான் ஆறு தடவை இழுத்திருக்கிறேன். விசையை ஒருமுறைகூட அழுத்தவில்லை. சத்தம் கேட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

இனி மறைக்க எதுவும் இருக்கவில்லை. "கிரஹாம், எங்க பெரியப்பா வேட்டைக்காரர் இல்லை," என்றேன். "மின்சார மீட்டர் பார்க்கிறவர். எனக்கும் இதெல்லாம் தெரியாது. பொய் சொன்னேன். உங்க பக்கத்துல துப்பாக்கியோட உட்கார்ந்ததே தப்பு."

"தெரியும்."

"தோட்டாப் பெட்டியைப் பார்த்தப்பவா?"

"முதல் நாளே. படத்துல அந்தத் துப்பாக்கி வாயில ஓட்டையே இல்லையே."

"அப்ப ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆறடி இரண்டங்குலம் அப்போது ஐந்தரை அடியாகத் தெரிந்தது.

"ஜோஷ் சொன்னான், நீங்க வீடு நிறையப் புத்தகம் வச்சிருக்கிற ஆளுன்னு. மாட்டைத் தவிர எனக்கு என்ன தெரியும்? மீதி வாழ்க்கை பூரா இந்த மனுஷன்கிட்ட எதைப் பேசறதுன்னு வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன். நீங்க மிளான்னு சொன்னீங்க. கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க வீட்டுக் காரக்குழம்பு ரொம்பப் பிரமாதம்னு மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேனே," என்றார்.

"ஆமா. சுமதி இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கா."

"அன்னிக்குத் திரும்பிப் போற வழியில டாய்லெட் தேடி நாலு இடத்துல காரை நிறுத்தினோம்."

பண்ணை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நிவேதாவைத் தனியே கூப்பிட்டேன். "சொல்லிட்டேன்," என்றேன். ஐந்து தோட்டாக் கதையையும் சொன்னேன். கடைசியில் சொன்னேன் என்பதையும், சொன்னபோது மறைக்க எதுவும் மிச்சமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, முடியாமல், என் ஆரஞ்சு மேல்சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அஞ்சுமா அப்பா? அஞ்சுமே கீழேயா?" தமிழில்தான் கேட்டாள். கோபம் இல்லாமலே.

7

நிச்சயதார்த்தம் மல்கிரேவில் எங்கள் வீட்டு ஹாலில். தட்டு மாற்ற கிரஹாம் வேட்டி கட்டி வந்தார். அது கணுக்காலுக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது. சிவம் அண்ணர் வந்து அதைச் சரிசெய்ய முயன்று தோற்றார்.

கிரஹாமின் அத்தை ஒருத்தி, எண்பதைத் தாண்டியவள், கைத்தடியோடு மெல்லப் போய்ப் பெரியப்பாவின் படத்தின் முன்னால் நின்றாள். இது யார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். நான் இப்போது திருந்தியவன். உண்மையைச் சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் கிரஹாம் முந்திக்கொண்டார்.

"சம்பந்தியோட பெரியப்பா," என்றார். அந்தச் சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னார். ஜோஷை வைத்து எத்தனை நாள் பழகினாரோ. "மிளா வேட்டையில பெரிய கை. வேட்டை இவங்க ரத்தத்துலயே இருக்கு. இவரையே நான் கண்ணால பார்த்தேன். அஞ்சு தோட்டா. ஒண்ணைக்கூட வீணாக்கலை."

நான் நிவேதாவைப் பார்த்தேன். பொய் பொறுக்காத என் மகளை. பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, முகத்தில் ஒரு கோடு அசையாமல் அவள் அந்தக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாய்கூட அவரைப் பார்த்தா எதிர்ல வராதாம், ஆன்ட்டி," என்றாள்.

மின்னஞ்சல் வந்த அன்றே கிரஹாமுக்குத் தொலைபேசியில் சொன்னேன், நான் புதுப்பிக்கப் போவதில்லை என்று. மறுமுனையில் மாடு கத்துவது கேட்டது. பிறகு அவர், "அப்ப காட்டுல யாரோட உட்கார்ந்து பேசறது?" என்றார்.

இதை எழுதி முடித்ததும் போய்ப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் இந்த முறையும் வேட்டை என்றுதான் டிக் அடிப்பேன்.